போஸ்பிசில், எழுந்து நில்லு

வெண்டல் போஸ்பிசிலைத் திருடன் என்று கோச் ஹேக்பெர்க் சொன்னபோது, நான் அவனுக்கு நேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலப் பயிற்சி முடிந்து, குளித்துவிட்டு, அணி மொத்தமும் கூட்ட அறைக்கு வந்திருந்தது. வழக்கமாக அந்த அறையில் எவனாவது ஏப்பம் விடுவான், எவனாவது முன்னிருக்கையைக் காலால் உதைப்பான். அன்று குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டுமே கேட்டது.

வெண்டலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரி நெப்ராஸ்காவின் சோள வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. எங்கள் ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு மோதி ஓடுவது; அந்த அணியில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கல்லூரியே வீடு தேடி வந்து, படிப்புக்கும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு அழைத்துவந்த உதவித்தொகைக்காரர்கள். நான் அந்தச் சாதி. இன்னொன்று வாக்-ஆன்கள். யாரும் கூப்பிடாமல் தாங்களாகவே வந்து, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றவர்கள். பயிற்சியும் அடியும் ரத்தக்கட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். செலவு மட்டும் அவர்களுடையது.

வெண்டல் வாக்-ஆன். ஒவ்வொரு வாரமும் நாங்கள் அடுத்து மோதப்போகும் அணியின் சட்டை நிறத்தைப் போட்டுக்கொண்டு, அவர்களைப்போலவே ஆடிக்காட்டி, எங்களிடம் அடிவாங்குவது அவன் வேலை. நானே அவனை எத்தனையோ தடவை புல்தரையில் மல்லாத்தியிருக்கிறேன். முனகமாட்டான். தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு பழைய இடத்தில் போய் நிற்பான். கோச்சுக்கு அவனைப் பிடிக்கும். பிடிக்கும் என்பதாலேயே எல்லார் முன்னாலும் வம்புக்கிழுப்பார்.

"போஸ்பிசில், உன்கிட்ட எல்லாம் இருக்கு, உடம்புதான் இல்ல. போய்ச் சாப்பிடுறா! காத்தடிச்சா கேன்சஸ்ல போய் விழுந்துடுவ!"

நாங்கள் சிரிப்போம். வெண்டலும் சிரிப்பான்.

அந்த வருஷம் அவன் உடம்பு போட ஆரம்பித்தான். தோள் அகன்றது, கழுத்து தடித்தது. கோச் அவனைப் புதுப் பையன்களுக்கு நடுவில் நிறுத்தி, "எடை தூக்குற அறையில நேர்மையா உழைச்சா இப்படி ஆகலாம்," என்று காட்டினார். வெண்டல் காது சிவக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூச்சம் என்று நினைத்தோம்.

எங்களுக்கென்று தனிச் சாப்பாட்டுக் கூடம் இருந்தது. ஸ்டேக் என்னும் மாட்டிறைச்சித் துண்டம், கோழி, முட்டை, பால் என்று வயிறு வெடிக்கும்வரை தின்னலாம். ஆனால் உதவித்தொகைக்காரர்கள் மட்டும். வாக்-ஆனுக்கு அங்கே ஒரு தட்டு கொடுத்தால் அது சட்டவிரோதமான பரிசு என்று கல்லூரிகளின் சங்கம் அன்றைக்கு விதி வைத்திருந்தது. பழம் கொடுக்கலாம். வெறும் ரொட்டி கொடுக்கலாம். ரொட்டிமேல் பாலாடைக்கட்டி தடவிக் கொடுத்தால் குற்றம். நான் கற்பனையாகச் சொல்லவில்லை. இந்த விதிகளைக் காப்பதற்கென்றே திருமதி ஆர்கட் என்ற அதிகாரி எங்கள் கட்டடத்தில் சம்பளம் வாங்கினார். நல்ல பெண்மணி. அன்று அவரும் மேடையோரம் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் கல்லூரிக் காவலர் ஒருவர், இடுப்புப் பட்டையில் கட்டைவிரலைச் செருகிக்கொண்டு.

"நம்ம சாப்பாட்டுக் கூடத்திலருந்து யாரோ சாப்பாட்டைக் கடத்துறாங்க," என்று ஆரம்பித்தார் கோச். குரலில் சிரிப்பே இல்லை. "வாரக்கணக்கா நடக்குது. யாருன்னு தெரிஞ்சுபோச்சு. நம்ம குடும்பத்துக்குள்ளயே ஒரு திருடன். போஸ்பிசில், எழுந்து நில்லு."

வெண்டல் எழுந்தான். அவன் பின்கழுத்து ரத்தம் வற்றி வெளுப்பதை நான் பார்த்தேன். பின்சுவரோரம் நின்ற உதவிக் கோச்சுகளில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகையை அடக்குகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"இந்த ஆபீசர் எதுக்கு வந்திருக்காருன்னு தெரியுதா?"

"தெரியுது, கோச்."

"நீ பண்ணினது உண்மையா?"

"ஆமா, கோச்."

கோச்சின் முகம் மாறியது. அது கோபம் இல்லை. நன்றாகத் தெரிந்த படிக்கட்டில் ஒரு படி காணாமல்போய்க் கால் தடுமாறுகிறவனின் முகம்.

ஏனென்றால், இதெல்லாம் நாடகம். வெண்டலுக்கு உதவித்தொகை கொடுக்க முடிவாகியிருந்தது. இந்த மாதிரிச் செய்தியை வெறுமனே சொல்ல எந்தக் கோச்சுக்கும் மனசு வராது; முதலில் பையனைக் கதிகலங்க வைத்து, பிறகு சொல்லி, அணி முழுக்க அவன்மேல் விழுந்து கூத்தாடுவதைப் படமெடுப்பார்கள். கோச் தன் நாடகத்துக்கு ஒரு குற்றம் தேடினார். அணியிலேயே யோக்கியனான வெண்டல் சாப்பாடு திருடினான் என்றால் நல்ல தமாஷாக இருக்கும் என்று அதைப் பிடித்துக்கொண்டார். "இனிமே நீ திருடவேண்டாம், நாளையிலருந்து உரிமையோட போய்ச் சாப்பிடு" என்பது அவர் வைத்திருந்த கடைசி வசனம். "இல்லை கோச், சத்தியமா நான் இல்லை" என்று அவன் பதறினால்தான் அந்த வசனத்துக்கு இடம். அவன் ஆமாம் என்றுவிட்டான்.

"என்னடா சொல்ற?" என்றார் கோச், சின்னக் குரலில்.

"நான் எதையும் திருடல, கோச். ஆனா அங்கருந்து வந்ததைச் சாப்பிட்டேன். தப்புன்னு தெரிஞ்சேதான் சாப்பிட்டேன்."

"யாரு கொடுத்தா?"

"அதைச் சொல்லமாட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க."

எனக்கு இடதுபக்கத்தில் நாற்காலி ஒன்று தடால் என்று பின்னால் மடங்கியது. தெரோன் கேட்லின் எழுந்து நின்றான். லூசியானாக்காரன், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் எங்கள் நட்சத்திரம், வெண்டலின் அறைத்தோழன்.

"அவன விடுங்க கோச். நான்தான் கொடுத்தேன். தினமும் ஒரு டப்பால போட்டு, சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டுபோவேன். அவன் வேண்டாம்னுதான் சொன்னான். வாய்ல திணிக்காத குறையா நான்தான் கொடுத்தேன்."

"தெரோன், உட்காரு," என்றார் திருமதி ஆர்கட் அவசரமாக.

"எதுக்கு உட்காரணும் மேடம்? போலீஸ் கூட்டிட்டு வந்திருக்கீங்க. என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

காவலர் இரண்டு கையையும் பட்டையிலிருந்து எடுத்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல விரித்துக் காட்டினார்.

அப்போது முன்வரிசையில் பந்து உதைக்கும் மெலிந்த பையன் ஒருவன் எழுந்தான். "நானும் கொடுத்தேன் கோச். வேர்க்கடலை வெண்ணெய் சாண்ட்விச். செவ்வாய்க்கிழமை மட்டும்." தெரோன் அவனைத் திரும்பிப் பார்த்தான். "நீயுமா?" அந்தப் பையன், "நான் மட்டும்தான்னு நெனச்சேன்," என்றான். வலதுபக்க மூலையில் இன்னொருவன் எழுந்தான்: சாக்லேட் பால். அவனுக்குப் பின்னால் இன்னொருவன்: பன்றி இறைச்சி, எப்போதாவது.

என் கால்கள் என்னைக் கேட்காமலே நிமிர்ந்தன. "அவிச்ச முட்டை," என்றேன். "சாக்ஸுக்குள்ள வெச்சு. புது சாக்ஸ்தான், கோச்."

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டான். ஒவ்வொருவனும் தான் மட்டுமே இவனுக்குக் கொடுப்பதாக நினைத்திருக்கிறோம். ஒருவன் கொடுத்ததை அவன் இன்னொருவனிடம் சொல்லவில்லை. புதுப் பையன்களுக்கு நடுவில் நிறுத்திக் காட்டப்பட்ட அந்தத் தோளும் கழுத்தும் எங்கள் சட்டைக்குள்ளும் பைக்குள்ளும் ஒளித்துக் கொண்டுபோன சாப்பாட்டில் வளர்ந்தவை.

"வாயை மூடுங்க!" என்று கத்தினார் திருமதி ஆர்கட். அவர் குரல் உயர்ந்து நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. "தயவுசெஞ்சு யாரும் இனிமே ஒரு வார்த்தை பேசாதீங்க! நீங்க சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணும் ஒரு விதிமீறல். என் காதால கேட்டா நான் எழுதித்தான் ஆகணும். அந்தக் கேமராவை நிறுத்துங்க!"

கோச் மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் எங்கள் முன் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

"வெண்டல்," என்றார். அவனை முதல்பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அன்றுதான். "நேத்து என்ன சாப்பிட்ட?"

"கோச், விடுங்களேன்."

"கேக்குறேன்ல."

"தெரோன் கொண்டுவந்த கோழி."

"அது ராத்திரி. பகல்ல?"

வெண்டல் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"காலையில தானியக் கிடங்குல மூட்டை ஏத்துறியே, அதுக்கு முன்னாடி? அதுக்கப்புறம் வகுப்பு, அப்புறம் என்கிட்ட பயிற்சி. என்னடா சாப்பிட்ட?"

"தண்ணி நெறைய குடிப்பேன், கோச்."

போய்ச் சாப்பிடுறா என்று அவர் கத்தியதெல்லாம், நாங்கள் சிரித்ததெல்லாம், அந்த அறையின் கூரையில் தொங்கிக்கொண்டிருந்ததுபோல இருந்தது.

அந்த நேரத்தில்தான் மேடைக்குப் பக்கத்துக் கதவு திறந்தது.

நாடகத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. செய்தி அறிவித்ததும் வெண்டலின் அப்பா அம்மா கதவைத் திறந்துகொண்டு வரவேண்டும் என்று ஏற்பாடு. மதியமே அவர்களை ரகசியமாக வரவழைத்து உள்ளே உட்காரவைத்திருந்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து அவர்கள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்கள். கதவு திறந்தால் வண்ணக் காகிதக் குழாயை வெடிக்கவேண்டும் என்று அந்தக் கதவோரம் நின்ற இன்னொரு உதவிக் கோச்சுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த மனிதர் நடப்பது என்னவென்று புரியாமல் கல்லாகச் சமைந்திருந்தார். கதவு திறந்ததும் அவர் கை தானாகக் குழாயை இழுத்துவிட்டது.

படீர் என்று சத்தம். சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதத் துண்டுகள் எழும்பி, அந்த அம்மாவின் தலைமேலும் தோள்மேலும் மெதுவாக விழுந்தன. அவர் அதைத் தட்டிவிடவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் போடும் நீலச் சட்டையில் இருந்தார். வேலையிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும்.

"அம்மா," என்றான் வெண்டல். திருடன் என்றபோதுகூட உடையாத குரல் அங்கே உடைந்தது.

"ஸ்டேக்குன்னு சொன்னியேடா," என்றார் அவர். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன்ல கேப்பேனே. என்னடா சாப்பிட்டன்னு. ஸ்டேக்கும்மா, ரெண்டு ஸ்டேக்கும்மான்னு சொன்னியேடா. எப்படி வெந்திருந்துச்சுன்னுகூடச் சொன்னியே."

அவர் பின்னால் அப்பா லூமிர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கோடையில் மழையே இல்லை. சோளம் நின்ற நிலையிலேயே கருகி, பாதி ஜில்லாவில் மாடுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். லூமிரும் விற்றிருந்தார். கல்லூரியே எல்லாம் பார்த்துக்கொள்கிறது, நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று மகன் சொன்னதை நம்பியிருந்தார். அவர் யாரையும் பார்க்காமல், "நீங்க பசங்களா கொடுத்தீங்க?" என்று எங்கள் பக்கமாகக் கேட்டார்.

கோச் எழுந்து அந்த அம்மாவிடம் போனார். "மிசஸ் போஸ்பிசில், உங்க பையனுக்கு உதவித்தொகை கொடுக்கத்தான் உங்களை வரச்சொன்னோம். எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

"தினமும் அவன பாக்குறீங்க," என்றார் அவர். "நான் இருக்குறது தூரத்துல. நீங்க தினமும் பாக்குறீங்க."

கோச் குனிந்து தரையில் கிடந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

திருமதி ஆர்கட்டுக்குத்தான் மிச்சத்தைச் சொல்லவேண்டியிருந்தது. இன்று கையெழுத்து வாங்க முடியாது. நடந்ததைச் சங்கத்துக்கு எழுதவேண்டும். பதில் வரும்வரை வெண்டல் ஆடவும் கூடாது. தெரோன் வெடித்தான்.

"பசிச்சவனுக்குச் சோறு போட்டது குத்தமா மேடம்?"

"குத்தம்னு நான் சொல்லலப்பா. விதிமீறல்னு சொல்றேன். ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனா எழுதாம விட்டா, நாளைக்கு வெளிய தெரிஞ்சு அவன் மொத்தமா போயிடுவான்."

பிறகு உடை மாற்றும் அறையில் தெரோன் வெண்டலின் தோளில் கைவைத்தான். வெண்டல் தட்டிவிட்டான்.

"எதுக்குடா எழுந்த?"

"பின்ன? உன்னைத் திருடன்னு சொல்றாங்க, நான் பாத்துட்டு உட்கார்ந்திருக்கணுமா?"

"திருடன்னே சொல்லிட்டுப் போயிருப்பாங்கடா. அதைத் தாங்கியிருப்பேன். நீ எழுந்து, பசின்னு சொல்லிட்ட. எங்கம்மா காதுபட."

"எனக்கு எப்படிடா தெரியும் உங்கம்மா அங்க இருக்காங்கன்னு!"

"எவன் காதுல விழுந்தாலும் ஒண்ணுதான்."

அதோடு பேச்சு நின்றது. ஒரே அறையில் இருந்துகொண்டே இருவரும் முகம் பார்க்கவில்லை. தெரோன் பழக்கத்தில் இரண்டு நாள் டப்பாவைச் சட்டைக்குள் வைத்துவிட்டு, வெளியே வந்ததும் நினைவு வந்து குப்பையில் போட்டான்.

கோச் அந்த வாரம் ஆட்டத் திட்டம் போடுவதை உதவியாளர்களிடம் விட்டுவிட்டார். வாக்-ஆன்களை ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். என்ன கேட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவன் காரிலேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். இன்னொருவன் ரத்தப் பிளாஸ்மா விற்று வாடகை கட்டியிருக்கிறான். விற்ற அன்றைக்கே பயிற்சிக்கும் வந்திருக்கிறான். கடைசிப் பையன் வெளியே போனதும், காபி கொண்டுபோன செயலாளர், கோச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார் என்று சொன்னார்.

சனிக்கிழமை, அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன், அவர் எங்களிடம் ஆவேசமாக எதுவும் பேசவில்லை. "என்கிட்ட கொடுத்த பசங்கள நான் சரியா பாக்கல," என்றார். "அதை மாத்தப்போறேன். அவ்வளவுதான். போய் ஆடுங்க." அப்படி ஒரு பேச்சைக் கேட்டு எப்படி ஆடுவது? தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். வெண்டல் சாதாரண உடையில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

சங்கத்தின் பதில் வந்தது. தண்டனை பெரிதாக இல்லை. இத்தனை நாள் சாப்பிட்டதற்கு என்ன விலையோ அதை வெண்டல் ஏதாவது ஒரு தர்ம காரியத்துக்குக் கொடுத்துவிட்டால் ஆடலாம், உதவித்தொகையும் பெறலாம். நாங்கள் உடனே காசு சேர்க்க ஒரு தொப்பியைச் சுற்றவிட்டோம். திருமதி ஆர்கட் ஓடிவந்தார். "ஐயோ, நீங்க கொடுத்தா அது இன்னொரு விதிமீறல்!" கோச் கொடுத்தாலும் அப்படித்தான். பசியில் தின்றவன் தானே உழைத்துத்தான் கட்டவேண்டும். வெண்டல் கிடங்கில் கூடுதலாக மூட்டை ஏற்றி, ஊரிலிருந்த ஏழைகள் உணவுக்கூடத்தில் அதைக் கட்டினான். அங்கே வாங்கிக்கொண்ட பாதிரியார், "இவ்வளவு சின்ன வயசுல இவ்வளவு தாராள மனசா!" என்று அவனைக் கட்டிப்பிடித்தாராம். இதை அவனே பிறகு சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று எனக்கு விளங்கவில்லை.

கையெழுத்து கோச்சின் அறையில் நடந்தது. கேமரா கிடையாது. அம்மா, அப்பா, வெண்டல், கோச் நால்வர் மட்டும். லூமிர் ஒவ்வொரு பக்கத்தையும் விரல்வைத்துப் படித்தாராம். கோச் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: "இவன் சாப்பிடுறானான்னு யாரு பாப்பாங்க?" கோச், "நான்," என்றிருக்கிறார்.

அன்று பயிற்சியில் தெரோன் பந்தோடு இடதுபக்கம் வெட்டி ஓடினான். நான் எதிரே நின்றவனைத் தள்ளி அவனுக்கு வழியைத் திறந்துவிட்டேன். எங்கிருந்தோ வெண்டல் வந்து அவன் நெஞ்சில் மோதினான். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். தெரோன் மல்லாந்து கிடந்தான். மூச்சு திரும்பவே சற்று நேரமானது. வெண்டல் அவன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான்.

"செத்துட்டியா?"

"கிட்டத்தட்ட," என்றான் தெரோன். "எவன்டா உனக்குச் சோறு போட்டு வளத்தது?"

யாரும் சிரிக்கத் துணியவில்லை. முதலில் சிரித்தது வெண்டல்தான். குனிந்து அவனைத் தூக்கிவிட்டான். தூக்கியவன் கையை விடவில்லை. "உன்மேல கோவம் இன்னும் போகல," என்றான். "போகும்போது சொல்றேன்."

"சரி, சொல்லு."

இரண்டு வாரம் கழித்து எங்கள் மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் வெண்டலின் பெயரை ஒலிபெருக்கியில் தப்பாக வாசித்தார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் முதல் உதையிலேயே பந்து போன பக்கம் தலைதெறிக்க ஓடினான். அவனைவிட இரண்டு மடங்கு பெரியவன் ஒருவன் அவனைத் தூக்கி எல்லைக்கோட்டுக்கு வெளியே, எங்கள் பெஞ்சுக்குக் கீழே எறிந்தான். தண்ணீர்ப் பீப்பாய் கவிழ்ந்தது. எழுந்து உட்கார்ந்தவன் சட்டை சொட்டச் சொட்ட எங்களைப் பார்த்தான். மேலே, பார்வையாளர் வரிசையில், அவன் அம்மா இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வெண்டல் அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு மறுபடி களத்துக்குள் ஓடினான்.